பள்ளி முடியும் நாளில் பட்டமும் கையில்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஒரு மாணவி பட்டமளிப்பு மேடையில் ஏறுகிறாள். பள்ளிச் சான்றிதழ் கைக்கு வருகிறது. அதோடு கல்லூரி வழங்கும் பட்டம் ஒன்றும் சேர்ந்து வருகிறது. அவளுக்கு வயது 17 அல்லது 18. இனிமேல்தான் அவள் பல்கலைக்கழகத்தில் கால் வைக்கப் போகிறாள். ஆனால் இளங்கலைப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை அவள் ஏற்கெனவே முடித்துவிட்டாள்.

இது கற்பனைக் காட்சி அல்ல. நியூயார்க் நகரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பார்டு உயர்நிலைப் பள்ளி முன்கல்லூரியில் ஆண்டுதோறும் நடப்பது இதுதான். அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களிலும் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பொதுக் கலைக் கல்வியில் அசோசியேட் பட்டம் பெறும் வழி இருக்கிறது.

இதைக் கேட்டதும் பெற்றோருக்கு இரண்டு விதமான எண்ணம் எழலாம். இது மேதைப் பிள்ளைகளுக்கு உரியது என்பது ஒன்று. படிப்பைச் சீக்கிரம் முடித்துவிடக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மையல்ல. இந்த ஏற்பாட்டால் உண்மையில் யாருக்கு நன்மை, எந்த இடத்தில் அது ஏமாற்றும் என்பதைச் சற்று பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

அசோசியேட் பட்டம் என்றால் என்ன?

அமெரிக்கக் கல்வி ஏணியில் உயர்நிலைப் பள்ளிக்கும் இளங்கலைப் பட்டத்துக்கும் நடுவே உள்ள படிதான் அசோசியேட் பட்டம். இளங்கலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய 120 கிரெடிட் மணி தேவை. அதற்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் ஆகும். அசோசியேட் பட்டத்துக்கு 60 கிரெடிட் மணி போதும். அதாவது பாதி. ஒரு பாடத்துக்கு வழக்கமாக மூன்று கிரெடிட் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 20 கல்லூரிப் பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும்.

இந்தப் பட்டத்தைப் பெரும்பாலும் வழங்குபவை சமூகக் கல்லூரிகள். இவற்றில் மிகப் பழமையானது இல்லினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜோலியட் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில், குறைந்த கட்டணத்தில், முதல் இரண்டு ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பைக் கொடுப்பது இவற்றின் நோக்கங்களில் ஒன்று.

அசோசியேட் பட்டத்தில் பல வகை உண்டு. தாதிமைத் துறை, வாகனப் பழுதுபார்ப்பு போன்ற தொழில் சார்ந்தவை ஒரு வகை. லிபரல் ஆர்ட்ஸ் வேறு வகை. இதில் எந்த ஒரு தொழிலும் கற்பிக்கப்படுவதில்லை. கட்டுரை எழுதுதல், இலக்கியம், வரலாறு, கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், நுண்கலை என்று எல்லாத் துறைகளிலும் ஓரளவு ஆழமாகப் படிக்க வேண்டும். இந்தப் பெயர் பழைய ரோமானிய வழக்கிலிருந்து வந்தது. அடிமையல்லாத, சுதந்திரமான குடிமகனுக்கு ஏற்ற கல்வி என்பது அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என ஏழு கலைகள் இதில் அடங்கியிருந்தன.

மலேசிய வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். எஸ்.பி.எம். முடித்தபின் எடுக்கும் எஸ்.டி.பி.எம். படிப்பு பல்கலைக்கழகத்துக்கு நுழைவாயில். அதை முடித்தவர் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குவார். அமெரிக்க அசோசியேட் பட்டம் அப்படியல்ல. அதன் 60 கிரெடிட்டும் பல்கலைக்கழகத்தின் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பாடங்களாகவே எண்ணப்படக்கூடியவை. 1980களிலிருந்து மலேசியத் தனியார் கல்லூரிகளில் நடந்துவரும் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே எஸ்.பி.எம். முடித்த பிறகு சேர்க்கும் கிரெடிட்டை, இங்கே சொல்லப்படும் மாணவர்கள் பள்ளியில் இருக்கும்போதே சேர்க்கிறார்கள்.

இரண்டு ஊற்றுகள்

இந்த எண்ணம் இரண்டு வேறு இடங்களில், இரண்டு வேறு காரணங்களுக்காகப் பிறந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எலிசபெத் பிளாட்ஜெட் ஹால். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில், படித்ததையே திரும்பப் படித்துப் பல மாணவிகள் சலித்துப்போவதை அவர் கவனித்தார். பதினாறு வயதில் கல்லூரிப் படிப்புக்கு அவர்கள் தயார் என்று நம்பினார். 1966ஆம் ஆண்டு சைமன்ஸ் ராக் கல்லூரி திறக்கப்பட்டது. பத்தாம் அல்லது பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களே அங்கு நேராகச் சேர்ந்தார்கள். 1979ஆம் ஆண்டு அது பார்டு கல்லூரியோடு இணைந்தது.

மற்றொரு ஊற்று நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரம். அங்கே லகார்டியா சமூகக் கல்லூரியின் வளாகத்துக்குள்ளேயே 1974ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. இதற்கு வித்திட்டவர் கல்வியாளர் ஜேனட் லீபர்மன். இங்கே சேர்க்கப்பட்டவர்கள் சலித்துப்போன கெட்டிக்காரர்கள் அல்லர். பள்ளியைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகள். கல்லூரி மாணவர்களோடு ஒரே வளாகத்தில் நடமாடினால், “கல்லூரி நமக்கும் உரிய இடம்தான்” என்ற நினைப்பு வரும் என்று லீபர்மன் கருதினார்.

ஒன்று முன்னே ஓடும் பிள்ளைக்கானது. மற்றொன்று பின்தங்கும் பிள்ளைக்கானது. இரண்டிலும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரிய மனிதராக மதித்து உண்மையான வேலையைக் கொடுத்தால், அந்தப் பிள்ளை அதற்கு ஏற்ப உயரும்.

பிறகு மாநில அரசாங்கங்கள் சட்டம் இயற்றத் தொடங்கின. 1985ஆம் ஆண்டு மின்னசோட்டா வழிகாட்டியது. பள்ளி மாணவர் கல்லூரியில் பாடம் எடுத்தால் செலவை மாநிலம் ஏற்கும் என்றது அதன் சட்டம். 1990ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலம் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்தை உருவாக்கியது. 2002ஆம் ஆண்டு கேட்ஸ் அறக்கட்டளையும் வேறு சில அறக்கட்டளைகளும் நிதி தந்ததால் முன்கல்லூரிப் பள்ளிகள் நாடெங்கும் பெருகின. 2022-23 கல்வியாண்டில் ஏறக்குறைய 25 இலட்சம் பள்ளி மாணவர்கள் ஏதேனும் ஒரு கல்லூரிப் பாடத்தையாவது எடுத்தார்கள். ஆனால் அவர்களில் பட்டம் வரை போகிறவர்கள் சிறு பகுதியினரே.

எப்படி நடக்கிறது?

இதில் பொதுவாக மூன்று முறைகள் உண்டு. முதல் முறையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பக்கத்துச் சமூகக் கல்லூரிக்கே போய், மற்றக் கல்லூரி மாணவர்களோடு அமர்ந்து படிக்கிறார். இரண்டாவது முறையில் கல்லூரியின் அங்கீகாரம் பெற்ற ஆசிரியர், பள்ளிக்கூடத்திலேயே கல்லூரிப் பாடத்தை நடத்துகிறார். மூன்றாவது முறை முன்கல்லூரிப் பள்ளி. பள்ளியும் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் இயங்கும். பார்டு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் பள்ளிப் படிப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகள் கல்லூரிப் படிப்பு. மூல நூல்களைப் படித்துச் சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பு அதன் முதுகெலும்பு. கட்டணம் கிடையாது.

நான்கு ஆண்டுப் படிப்பு எப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்குகிறது? ஒரே பாடம் இரண்டு கணக்கிலும் ஏறுவதுதான் இதன் இரகசியம். வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கல்லூரிகள் ஆண்டை மூன்று காலாண்டுகளாகப் பிரித்து நடத்துகின்றன. ஒரு காலாண்டில் முடியும் ஐந்து கிரெடிட் பாடம், பள்ளியில் ஓராண்டு முழுவதும் படிக்கும் ஒரு பாடத்துக்குச் சமமாக எண்ணப்படுகிறது. எனவே கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் முடித்தவர் பள்ளியின் ஆங்கிலத் தேவையையும் சேர்த்தே முடித்துவிடுகிறார்.

ஆனால் கணக்கு எளிது, உழைப்பு எளிதல்ல. நான்கு பருவங்களில் 60 கிரெடிட் என்றால் பருவத்துக்கு ஐந்து பாடம். கல்லூரியில் வகுப்பு நேரம் குறைவு. ஆனால் ஒவ்வொரு மணி நேர வகுப்புக்கும் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அங்கே வழக்கம். இந்தச் சுமையைக் குறைக்கத்தான் சிலர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒன்றிரண்டு பாடமாகவும், கோடை விடுமுறையிலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு மிச்சம்?

காலேஜ் போர்டு அமைப்பின் 2024-25 கணக்குப்படி, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சொந்த மாநில மாணவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சராசரி 11,610 அமெரிக்க டாலர். தனியார் நான்கு ஆண்டுக் கல்லூரியில் அது 43,350 டாலர். சமூகக் கல்லூரியில் 4,050 டாலர். முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளியிலேயே முடிந்து, அந்தக் கிரெடிட் முழுவதையும் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், கட்டணத்தில் மட்டும் 23,000 டாலருக்கு மேல் மிச்சம். தங்கும் செலவும் உணவுச் செலவும் இதில் சேரவில்லை.

பட்டப்படிப்புக் கடனை ஆண்டுக்கணக்கில் அடைக்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இது சிறு தொகையல்ல. ஆயினும் எல்லா மாநிலங்களிலும் இது முற்றிலும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. சில மாநிலங்களில் பாதிக் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழும். வாஷிங்டனில்கூடக் கல்விக் கட்டணம் இல்லையே தவிர, புத்தகச் செலவும் போக்குவரத்துச் செலவும் பொதுவாக வீட்டுக்கே. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முப்பது மைல் தள்ளியிருக்கும் இலவசக் கல்லூரியால் பெரிய பயன் இல்லை.

ஆய்வு சொல்வது

முன்கல்லூரிப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் இயல்பாகவே ஆர்வம் மிக்கவர்கள். எங்கே படித்திருந்தாலும் முன்னேறியிருப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். இதைச் சோதிக்க அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நல்ல வழியைக் கண்டது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்ததால் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்த பத்துப் பள்ளிகளை அது எடுத்துக்கொண்டது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது. இரு சாராருக்கும் ஆர்வம் ஒன்றுதான். அதிர்ஷ்டம் மட்டுமே வேறு.

2013ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. ஆய்வுக் காலத்துக்குள் இடம் கிடைத்தவர்களில் 22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தார்கள். பெரும்பாலும் அது அசோசியேட் பட்டம். இடம் கிடைக்காதவர்களில் பட்டம் பெற்றவர்கள் 2 விழுக்காடு மட்டுமே. கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதல் சாராரில் 80 விழுக்காடு, மற்றவர்களில் 71 விழுக்காடு.

இந்த எண்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். குலுக்கலில் கிடைத்த ஓர் இடம் இத்தனை பேரின் பாதையை மாற்றியது என்பது பெரிய செய்தி. அதே நேரத்தில், இதற்கென்றே அமைந்த பள்ளியில் சேர்ந்தவர்களிலும் ஐந்தில் நால்வர் அந்தக் காலத்துக்குள் பட்டம் பெறவில்லை என்பதும் உண்மை. அவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. பலர் 15 அல்லது 30 கிரெடிட்டோடு வெளியே வந்தார்கள். பட்டம் கிடைக்காததைத் தோல்வி என்று பிள்ளையின் தலையில் சுமத்துவது தவறு.

ஆழம் பார்த்துக் காலை விட வேண்டிய இடங்கள்

முதலாவது, கிரெடிட் மாற்றம். ஒரு கல்லூரி கொடுத்த கிரெடிட்டை மற்றொரு கல்லூரி ஏற்றே ஆக வேண்டும் என்ற பொது விதி எதுவும் அமெரிக்காவில் இல்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரி 43 விழுக்காடு கிரெடிட்டை இழந்ததாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017ஆம் ஆண்டு மதிப்பிட்டது. இது எல்லாக் கல்லூரி மாணவர்களையும் பற்றிய கணக்கு. ஆனால் பாடம் பள்ளி மாணவருக்கும் பொருந்தும். ஃபுளோரிடாவில் நிலைமை மேல். அசோசியேட் இன் ஆர்ட்ஸ் பட்டம் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதேனும் ஒன்றில் இடம் உறுதி என்ற ஏற்பாடு 1971ஆம் ஆண்டு முதல் அங்கே உண்டு. அதுவும் விரும்பிய பல்கலைக்கழகத்திலோ விரும்பிய துறையிலோ இடம் என்ற உறுதி அல்ல. மாநிலத்தை விட்டு வெளியே போனால் அந்த உறுதியும் கூடவே வராது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளிச் சான்றிதழுக்காக ஏற்கெனவே எண்ணப்பட்ட கல்லூரிப் பாடத்துக்குத் தங்கள் பட்டத்தில் கிரெடிட் தருவதில்லை.

இரண்டாவது, துறைத் தேர்வு. பொறியியல் படிக்க விரும்புகிறவருக்குக் கணிதமும் இயற்பியலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள். முதல் படி முடியாமல் அடுத்ததில் ஏற முடியாது. லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்துக்காக வரலாறும் இலக்கியமும் சமூகவியலும் முடித்துவிட்டு, கணிதத்தை அடிப்படையோடு நிறுத்திக்கொண்டால், கையில் பட்டம் இருந்தும் பொறியியலுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் ஆகலாம். அறுபது கிரெடிட் இருந்தால் எந்தப் பட்டமும் இரண்டே ஆண்டில் என்பது தவறான கணக்கு.

மூன்றாவது, மதிப்பெண். பள்ளியில் ஒரு தேர்வு சரியாகப் போகாவிட்டால் அடுத்ததில் ஈடுகட்டலாம். பதினாறு வயதில் எடுத்த கல்லூரி மதிப்பெண்ணோ கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நின்றுவிடும். பின்னாளில் மருத்துவம் அல்லது சட்டம் படிக்க விண்ணப்பித்தால் அதையும் காட்ட வேண்டும். தேர்ச்சி பெறாத பாடங்கள் மிகுந்தால் கல்லூரி நிதியுதவித் தகுதிக்கும் பாதிப்பு வரலாம்.

நான்காவது, பெற்றோர் பெரும்பாலும் எதிர்பாராத ஒன்று. 1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. வயது பதினெட்டு ஆகாவிட்டாலும் இதுதான் விதி. அம்மா பேராசிரியருக்குத் தொலைபேசியில் அழைத்து, “என் மகன் எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் பதில் கிடைக்காமல் போகலாம். பிள்ளை இன்னும் பள்ளியிலும் இருப்பதால் பள்ளியின் வழியாகச் சில விவரங்கள் கிடைக்கும். ஆயினும் கெடு தவறினாலும் பாடம் புரியாவிட்டாலும் பேராசிரியரிடம் போய்ப் பேச வேண்டியவர் மாணவர்தான். சில பிள்ளைகள் இதில் விரைவாக முதிர்ச்சி அடைகிறார்கள். சில பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் திணறுகிறார்கள்.

மலேசியப் பெற்றோர் கவனிக்க வேண்டியது

“பிள்ளையை அமெரிக்கப் பள்ளிக்கே அனுப்பிவிட்டால் என்ன?” என்று கேட்பவர்களும் இருக்கலாம். அங்கே ஒரு தடை உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதங்கள்தான் படிக்கலாம். அதற்கும் முழுச் செலவைக் கட்டியாக வேண்டும். எனவே இந்த இலவசப் பாதை அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கு உரியது. வேலை நிமித்தம் அமெரிக்காவில் குடியேறிய உறவினர்களின் பிள்ளைகளுக்கு இது பயன்படலாம். நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. பிள்ளை சேர விரும்பும் பல்கலைக்கழகம் இந்தக் கிரெடிட்டை ஏற்குமா? அதை எழுத்தில் காட்ட முடியுமா? எடுக்கும் பாடங்கள் பிள்ளை விரும்பும் துறைக்குப் படியாக அமையுமா? படிப்பில் தடுமாறினால் உதவ அந்தப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? நான்காவது கேள்வியைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்: “இது உன் விருப்பமா, எங்கள் விருப்பமா?”

சீக்கிரம் முடிப்பது மட்டுமே நோக்கமானால், இந்தப் பட்டம் ஏமாற்றம் தரக்கூடும். பட்டம் பெற்ற பலர் அதற்குப் பிறகும் மூன்று, நான்கு ஆண்டுகள் படிக்கிறார்கள். கூடுதல் துறை ஒன்றை எடுக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கிறார்கள். பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்கள் பள்ளியில் சேர்த்த கிரெடிட் எவ்வளவு இருந்தாலும் அவர்களை முதலாமாண்டு விண்ணப்பதாரர்களாகவே ஏற்பதால், புதிய மாணவருக்கான உதவித்தொகைக்கும் அவர்கள் முயலலாம்.

லீபர்மன் 1974ஆம் ஆண்டில் நினைத்தது இன்றும் பொருந்துகிறது. வீட்டில் எவருமே கல்லூரிக்குப் போகாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்பது மதிலுக்கு அப்பால் இருக்கும் ஊர். பதினாறு வயதில் அந்த வாசலைத் தாண்டி, ஒரு கட்டுரை எழுதி, அதற்குச் சிவப்பு மையில் திருத்தம் வாங்கி, மறுபடி எழுதித் தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு அந்த ஊர் அந்நியமாக இருப்பதில்லை. அறுபது கிரெடிட்டில் சில மாற்றத்தில் கழிந்து போகலாம். இந்தத் துணிவை எந்தப் பல்கலைக்கழகமும் கழித்துவிட முடியாது.